திரேசம்மா வீட்டைத் தேடினவர்

அன்புள்ள அம்மா,

மாதாட காவல்ல சுகமா இருப்பீங்க எண்டு நம்புறன். கால் வீக்கம் வத்திட்டா? டோஹாவில எனக்கொரு குறையுமில்ல.

நம்மட கல்லடி வீட்டில வாடகைக்கு விடுற ரெண்டு அறையும் சும்மா கிடக்கிறது என்ட பிழைதான். நான் செய்த வெப்சைட்டில முதல் பக்கத்தில 'திரேசம்மா வீடு' எண்டு போட்டு, அறைகளை மூண்டு பக்கம் தள்ளி உள்ளுக்கு வச்சிட்டன். ஊரில வீட்டுக்காரர்ர பேர் சொன்னாப் போதும். வெளியாக்கள் 'மட்டக்களப்பு வாவி, அறை' எண்டுதான் கூகுள்ல தேடுறாங்க. நேற்று எல்லாத்தையும் மாத்தி அடுக்கினன். உங்கட பேர் இப்ப கடைசிப் பக்கத்தில.

சன்னலால வாவி தெரியிற படமொண்டு அனுப்புங்க. நீங்களும் அதில நில்லுங்க.

வேலைக்கு பஸ் வந்திட்டு, முடிக்கிறன்.

மகன் றெஜி

பி.கு.: வெப்சைட்டுக்கு ஆர் வந்தது எண்ட கணக்கைப் பாத்தன். இந்த வருசம் உங்கட பேரைத் தேடி அங்க வந்தது ஒரே ஒராள், டோஹாவில இருந்து. அது நான்தானம்மா.