ஜாமில் கலந்தது

நாள் 402, 06:10
செவ்வாய்த் தளம், பசுங்குடில். எழுதுபவர் பிலோமினா, தாவரப் பிரிவு. வெப்பம் 21. ஐம்பது ராஸ்பெரிப் பழங்களை உப்புத் தண்ணீரில் போட்டேன். முப்பத்தொரு புழு வெளியே வந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய வண்டு பூவில் முட்டையிடுகிறது. புழு பழத்துக்குள் வளர்கிறது. பூமியிலிருந்து வேர்மண்ணோடு வந்திருக்கிறது. அந்த மண்ணைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட மகராசி நான்தான்.

நாள் 409, 11:30
சரக்குக் கலம் நொறுங்கி நான்கு மாதம். பயறு தீர்ந்தது. உருளைக்கிழங்கும் இந்தப் பழமும்தான் மிச்சம். இங்கே என்னோடு இருக்கும் ஒரே ஆள் பொறியாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. புரதம் இல்லாமல் கால் வீங்கிப் படுத்துவிட்டார். பூமியின் பதில்: “புழுவ எறியாதீங்க. உங்ககிட்ட இருக்கிற ஒரே புரதம் அதுதான். ரெண்டு பேரும் சாப்பிடுங்க.”
அண்ணாச்சி பரம்பரைச் சைவம். முட்டை வாடையே ஆகாது. அவரிடம் போய்க் கேட்பதாவது!

நாள் 410, 07:05
புழுவை வறுத்துப் பொடித்து ஜாமில் கலந்தேன். நான் கடற்கரைக்காரி, எனக்கு ஒன்றுமில்லை. அவர் அறையிலிருந்து ஒலிபெருக்கியில்: “பிலோமி, இன்னைக்கு ஜாம் அருமை. இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?” எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவள்.

நாள் 431, 09:40
வீக்கம் வடிகிறது. வண்டை இப்போது ஒழிப்பதில்லை. வளர்க்கிறேன்.

நாள் 433, 16:20
அண்ணாச்சி எழுந்து நடந்தார். எனக்கு நன்றி சொல்ல நேரே பசுங்குடிலுக்குத்தான் வந்தார். தட்டு நிறையப் புழு காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஜாம் பாட்டில். இரண்டையும் பார்த்தார். போய் இயந்திர அறையை உள்ளிருந்து பூட்டிக்கொண்டார். பிறகு ஒலிபெருக்கியில்: “கேட்டிருந்தா தின்னுருப்பேன் பிலோமி. உசுருக்கு முன்னால என்ன சைவம்? எனக்கும் வீட்ல புள்ள இருக்கு. நீ என்னைய ஏமாத்திட்ட. இனி ஒன் கையால பச்சத் தண்ணி வேண்டாம்.”

நாள் 447, 08:00
இயந்திர அறையில் இருப்பு வைத்த கிழங்கை மட்டும் தின்கிறார். வாசலில் வைத்த ஜாமைத் தொடவில்லை. கேமராவில் பார்த்தேன், கால் மறுபடி வீங்கியிருக்கிறது. மீட்புக் கலம் வர இன்னும் அறுபது நாள். கதவை உடைக்கும் கருவியெல்லாம் அவர் பக்கம். அவர் மனசு எனக்குத் தெரியும் என்று நினைத்தேனே, அந்தத் திமிருக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் 458, 17:15
இன்று கேட்டேன். பொத்தானை அழுத்தி, வாயைத் திறந்து கேட்டேன்: “அண்ணாச்சி, இது புழு. சாப்பிடுறீங்களா?”
கேமராவில் அவர் அசையவில்லை. பதினொரு தடவை கேட்டுவிட்டேன். இன்னொரு தடவை கேட்கிறேன்.