அந்த எண் காலியாக இல்லை

என் அன்வர் மச்சி,

உனக்கு நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். வாயில் வருவதெல்லாம் வசவாக இருக்கிறது. பொறுத்துக்கொள்.

காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தி. நகரில் நம் ஆபீஸ் லிஃப்ட் இன்னும் மூன்றாவது மாடியில் நிற்பதில்லை. உன் நாற்காலியில் கவிதா என்று ஒரு புது இன்ஜினியர். நாற்காலியைக் கொடுத்தார்கள், சரி. உன் ஊழியர் எண்ணையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா ராயப்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார்கள். "எம்புள்ள இங்க இன்னா வேலை பண்ணான்னு ஒரு பேப்பர்ல போட்டுக் குடு முருகேசா. வூட்ல வச்சிக்கிறேன்" என்றார்கள். எல்லா புரோகிராமையும் மேய்க்கிற அடிப்படை மென்பொருளான கெர்னலில் நீ செய்த திருத்தங்களின் பட்டியலைப் பெருமையாக அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்துக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார்கள்.

"இன்னாப்பா இது, அன்வர் பேரையே காணோம்? கவிதான்னு கீது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் பதிவேட்டில் திருத்தியவரின் ஊழியர் எண்தானே இருக்கிறது? அந்த எண் இன்று யாருடையதோ அவர் பெயரைத்தானே அது எடுத்துப் போடும்? எண் கைமாறியதும் உன் ஆறு வருட உழைப்பும் கைமாறிவிட்டது.

மேனேஜர் அறைக்குள் போய்க் கத்தினேன். "ஆள் போயிட்டாரு, நம்பர் காலியாத்தானே கிடந்துச்சு. இதுல என்ன தப்பு?" என்றார்.

என்ன தப்பா? இதே தப்போடுதானே நீ நாலு மாதம் மல்லுக்கட்டினாய்! மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் வைக்கிற நம் பெட்டியில் முதலில் ஒரு புரோகிராம் கிளம்பும். அது இன்னும் மூன்றைக் கிளப்பும். நாலும் ஒரு குழு. முதலில் கிளம்பியதன் எண்தான் குழுவுக்கும் எண். அது தன் வேலையை முடித்துப் போனதும், 'எண் காலி' என்று நம் கெர்னல் அதைப் புதிதாக வந்த ஒன்றுக்குக் கொடுத்துவிடும். பிறகு அந்தப் புதியதன் குழுவை நிறுத்தச் சொன்னால், அதே எண்ணில் ஓடிக்கொண்டிருந்த பழைய குழுவின் அலாரமும் சேர்ந்து நின்றுவிடும். நோயாளியின் நாடி விழுந்தால் அலற வேண்டிய அலாரம், மச்சி!

"தலைவன் பூட்டாலும் குரூப்ல கடைசி ஆள் கீற வரைக்கும் அந்த நம்பரை எவனுக்கும் தரக்கூடாது" என்று கெர்னலுக்குச் சட்டம் போட்டவன் நீ. அதற்காகக் கேக் வெட்டியவர் இதே மேனேஜர்தான்.

உன் மேலும் கோபம்தான். ஒவ்வொரு திருத்தத்தின் தலையிலும் பெயரைப் போடுடா என்று எத்தனை தடவை சொன்னேன்? "பேர் இன்னாத்துக்கு மச்சி, நம்பர் கீதுல்ல" என்று சிரித்தாயே. இப்போது சிரி பார்க்கலாம்.

கவிதா நல்ல மாதிரி. விஷயம் தெரிந்த அன்றைக்கே, "எனக்கு இந்த நம்பர் வேணாம் சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜர் அந்தத் தாளின் மேல் டீ கிளாஸை வைத்திருக்கிறார். நம் டீமின் நாலு பேரில் தலைவன் நீ போனாய், மற்ற இருவரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். "அந்த டீமே இப்போ இல்லையே முருகேசன், யாருக்காகச் சண்டை போடறீங்க?" என்கிறார்.

அப்போது நான் யாராம்?

நேற்று அந்த அலாரத் திருத்தத்தின் தலையில் உன் முழுப் பெயரையும் என் கையால் தட்டி வைத்தேன். கெர்னலில் யார் எதை மாற்றினாலும் என் ஒப்புதல் வேண்டும். உன் பெயரை அழிக்க அது கிடைக்காது. வெள்ளிக்கிழமை அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போகிறேன். மற்ற பக்கங்களுக்காகத் தினமும் காலையில் மேனேஜர் அறை வாசலில் நிற்பேன். உன் எண்ணைத் திரும்ப வாங்காமல் விட மாட்டேன். அது காலியாக இல்லை, அன்வர். நான் இன்னும் இருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை,
உன் குழுவின் கடைசி ஆள்,
முருகேசன்