வலைக்குள் இருந்தபோது நீ கூப்பிட்டாய்

கிள்ளான், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாதவிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பரமேஸ்வரனும் வயிற்றில் இருக்கும் குட்டியும் அந்தக் கிளாஸ்கோ குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே எனக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை, நர்சரிப் பிள்ளைகள் ஒன்பது பேரும் ஆளுக்கொரு மூக்கொழுகலோடு சுகம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் 'பிரசவத்துக்கு வரேன்' என்று சொல்லிவிடுவேன், அதனால்தான்.

வெள்ளிக்கிழமை நீ மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். இந்த மாதம் பிள்ளைகளுக்கு மீன்பிடிப்பு. அட்டையில் மீன் வெட்டி, வாயில் பேப்பர் கிளிப் செருகி, சாப்ஸ்டிக்கில் நூல் கட்டி நுனியில் காந்தம் வைத்துக் கொடுத்தேன், துணி ஊற வைக்கும் பேசின்தான் குளம். பிடித்ததை எண்ண வேண்டும், நிறம் சொல்ல வேண்டும், சின்ன மீன் என்றால் 'வளர்ந்துட்டு வா' என்று திரும்ப விட வேண்டும், பெரிய மீனை விடக் கூடாது. நானே சொல்லிக்கொடுத்த சட்டம். அன்றைக்கு வலை என்றால் என்னவென்று காட்டலாம் என்று உன் பழைய பேட்மின்டன் வலையை எடுத்துப்போட்டு, நான்தான் மீன், பிடியுங்கள் என்று தரையில் உட்கார்ந்தேன். புத்தி கெட்ட வேலை. ஒன்பதும் வலையை என் தலையில் போட்டு நாலு பக்கமும் ஏறி உட்கார்ந்துகொண்டன. அப்போதுதான் மேசையில் போன் அடித்தது. உன் பெயர் தெரிகிறது. விடுங்கடா என்றால், 'பெரிய மீனை விடக்கூடாது டீச்சர், நீங்கதானே சொன்னீங்க' என்கிறது தாமரை. அவள் விரல் வேறு வலைக் கண்ணியில் மாட்டியிருந்தது, இழுத்தால் அறுத்துவிடும். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுப்பதற்குள் போன் மூன்றாவது தடவையும் அடித்து நின்றுவிட்டது. அப்புறம் நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். 'வரீங்களா இல்லையாம்மா, ஒண்ணு சொல்லுங்க' என்று அழுதிருந்தாய்.

அன்று சாயங்காலமே கேட்டில் நின்று, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்களிடம் இரண்டு மாதம் மூடப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் முணுமுணுத்தாலும் சமாளித்துக்கொள்கிறோம் என்றார்கள். கடைசியாக வந்தது தாமரையின் அம்மா புனிதா. புருஷன் இல்லாதவள், ஷா ஆலாம் தொழிற்சாலையில் ஷிப்ட். அவள் ஒரு சண்டையும் போடவில்லை. 'தலைப்பிரசவம் டீச்சர், கட்டாயம் போங்க. நான் வேலைய விட்டுட்டு வீட்ல இருந்துக்குறேன்லா' என்றாள், சிரித்துக்கொண்டே. சண்டை போட்டிருந்தால் நான் ஏர்போர்ட்டில் நின்றிருப்பேன். 'நான் போகல புனிதா, நீ போய் வேலையப் பாரு' என்று என் வாய்தான் சொன்னது. உள்ளே வந்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாமல் வாழ்ந்துவிட்டேன். கடைசியில் அதைச் சொல்லக் கிடைத்தது நீதான் கண்ணு. என்னால் வர முடியாது.

பிரசவ மருந்துப் பொடியும் பிள்ளை பெற்றபின் வயிற்றில் கட்டும் பெங்குங் துணியும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். துணியை இடுப்பிலிருந்து மேலே இறுக்கிச் சுற்ற வேண்டும், மாப்பிள்ளையை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல். பச்சைத் தண்ணீரில் தலை குளிக்காதே. கோபம் வந்தால் என் மேல் காட்டு, அவர் மேல் காட்டாதே.

தாயும் பிள்ளையும் இரண்டு உடம்பாகி நூறு வருஷம் இருக்க வேண்டும். வலி வந்ததும் போன் பண்ணு, எடுப்பேன். 'அம்மா' என்று கத்தத் தோன்றினால் வாய்விட்டுக் கத்து. நான் பக்கத்தில் இல்லை என்பதற்காக அடக்கிக்கொள்ளாதே.

உன் அம்மா,
சந்திரகலா