உரசிப் பார்க்காத கொலுசு

அக்கா,

அலுமினியக் குண்டானில் கொதிநீர் ஊற்றி, கை நிறைய உப்பும் ஆப்ப சோடாவும் போட்டு, உன் கொலுசை உள்ளே இறக்கினேன். குண்டானின் அடியில் பட்டதும் நுரைத்துக்கொண்டு அழுகின முட்டை நாற்றம் எழுந்தது. நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி சின்னவளே, வெள்ளிய கழுவுறியா, எலிய வேவிக்கிறியா?" என்று கேட்டிருப்பாய். கறுப்பு வெள்ளியை விட்டு இறங்குகிறது என்பதற்கு அந்த நாற்றம்தான் அடையாளம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துணி ஊறவைத்த குண்டானில் ஒருமுறை என் மெட்டி நழுவி விழுந்து வெளுத்து வந்தது. அதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

கறுப்பு போய்விட்டது. அதற்கடியில் இருந்த சிவப்பு அதில் போகவில்லை. அந்தச் சிவப்பைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

நீ ஒடுகத்தூரிலிருந்து இந்த மலைக்கு மூத்த மருமகளாக வந்தபோது உன் அப்பா போட்டு அனுப்பிய கொலுசு இது. இளையவருக்கு வாழ்க்கைப்பட்டு நான் அந்த வீட்டுக்கு வந்த வருடம் பொங்கலுக்கு நடந்தது உனக்கு மறந்திருக்காது. நம் மாமியார் செம்புத் தவலையைப் புதுப்புளி போட்டுத் தேய்ப்பார். அந்தத் தண்ணீரைக் கொட்ட மனம் வராது. மண்சட்டியில் ஊற்றிக் காய்ச்சி அதிலேயே வெள்ளியையும் போடுவார். அந்த வருடம் சட்டி விரிசல் விட்டிருந்ததால் இரும்பு வாணலில் காய்ச்சினார். என் கொலுசைத் தர மாட்டேன் என்று நின்றேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். நீ பேசாமல் கழற்றிக் கொடுத்தாய். அன்று வாணலில் இறங்கியது உன் கொலுசு ஒன்றுதான். வெளியே எடுத்தபோது செம்பாகச் சிவந்து கிடந்தது.

"பாருங்கடி, கீழ இருந்து வந்த சீரு! செம்புல வெள்ளி பூசி அனுப்பிட்டான். புளி காட்டிக்குடுத்துடுச்சு."

மாமியார் சொன்னதை நாத்தனார் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அடுப்படியில் ஒரு சட்டி உடைந்தாலும் பேச்சு உன் அப்பாவின் கொலுசில்தான் போய் முடியும்.

திருப்பத்தூருக்குப் போவோம், பத்தர் கல்லில் உரசினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்று எத்தனை முறை உன்னிடம் சண்டை போட்டேன்! நீ சொன்ன பதில் ஒன்றுதான். "எங்கப்பன உரசிப் பாத்துத்தான் நான் நம்பணுமா?" கொலுசைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, காலமெல்லாம் வெறுங்காலோடு எல்லோர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போனாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஊருக்கெல்லாம் வாய் இருந்தது, உனக்கு மட்டும் இல்லாமல் போனது. ஆனால் புளி உடைக்க உட்கார்ந்தால் உன்னைப் போலச் சிரிக்க இந்த மலையில் ஆள் இல்லை. எனக்குப் பல் கூசும் என்று தெரிந்தே பிஞ்சுப் புளியை வாயில் திணித்துவிட்டு ஓடுவாய். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் ஓடினாய்.

போன பொங்கலுக்கு, நீ இல்லாத வீட்டில், செம்புத் தவலையை நான் தேய்த்தேன். அந்தப் புளித்தண்ணீரில் இரும்புக் கரண்டி ஒன்று விழுந்து கிடந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் செம்பு பூசியது போலச் சிவந்திருந்தது. மண்சட்டியில் வராத சிவப்பு இரும்பு பட்டால்தான் ஏறுகிறதோ என்று அப்போதே எனக்குள் தட்டியது.

இந்த வாரம் உன் மகள் மல்லிகா கொலுசை எடுத்துக்கொண்டு வந்தாள். உன் பேத்திக்குக் கல்யாணம். என் காதோடு சொன்னாள்: "சின்னம்மா, இத கடையில போட்டுட்டு வேற எடுக்கலாம்னு கீறேன். மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி அத்த வாய வெச்சா மானம் போய்டும்." நாத்தனாரும் கூடவே வந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கடையில் போட்டால் உருக்கிவிடுவார்கள். உன் அப்பாவின் மேல் விழுந்த பழி பழியாகவே நின்றுவிடும். உரசக் கூடாது என்பது உன் சொல். அதை நான் மீற மாட்டேன். உன்னுடையதில் கறுப்பை மட்டும் கழுவி எடுத்து வைத்துவிட்டு, அதை உரசாமலே வழக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது.

செம்புத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்தேன். அந்தத் தண்ணீரை இரும்பு வாணலில் ஊற்றிக் காய்ச்சினேன். என் காலில் கிடந்த கொலுசைக் கழற்றி உள்ளே போட்டேன்.

"ஐயோ சின்னம்மா! நல்ல கொலுசு! இன்னா பண்ற?"

"சும்மா இரு. அது சாட்சி சொல்லப் போவுது."

சொன்னது. வெள்ளையாக இறங்கியது உன்னுடையதைப் போலவே சிவந்து வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாத்தனார் விடுவாளா? "உன்னுதும் செம்பா இருக்கும் அண்ணி. யாரு கண்டா?"

"நீதான் கண்ட. என் கல்யாணத்துக்கு உங்க வூட்டுல போட்ட கொலுசு இது. உங்கண்ணன் கூட கடைக்குப் போயி நீயே பொறுக்கி எடுத்தது. செம்பையா எடுத்துக்கினு வந்த?"

வெற்றிலை மெல்லுவது நின்றது. "அப்ப எங்கம்மா கெடுத்துட்டாங்கன்னு சொல்ல வர்றியா?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. வாணலு சொல்லுது."

அவள் எழுந்து போகவில்லை. உன் கொலுசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெரியண்ணி ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருக்கலாம்ல" என்றாள். அந்த ஒரு விஷயத்தில் அவளும் நானும் ஒரே கட்சி.

பிறகு மல்லிகா ஈரத்துணியில் சாக்பீஸ் மாவைத் தொட்டு உன் கொலுசைத் துடைத்தாள். அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. சிவப்பு மெல்ல மெல்லத் துணிக்கு வந்தது. கீழே உன் அப்பா கொடுத்த வெள்ளி அப்படியே இருந்தது. கடைக்குப் போகும் பேச்சு நின்றது. பேத்தி அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறாள்.

"உன்னுதையும் குடு சின்னம்மா, தொடைச்சுக் குடுக்கிறேன்" என்றாள் மல்லிகா. தர மாட்டேன் என்றேன். சிவந்தது சிவந்தபடியே என் காலில் இருக்கிறது.

ஜமுனாமரத்தூர் சந்தையில் நேற்று ஒருத்தி கேட்டேவிட்டாள். "இன்னா அத்த, கொலுசு இப்படிச் செவந்து கீது?"

கேட்டவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஒடுகத்தூர்ல ஒரு மனுசன் இருந்தாரு. மகளுக்கு நல்ல வெள்ளியா பாத்துக் கொலுசு போட்டு அனுப்பினாரு" என்று தொடங்கினேன்.