கண்ணிலிருந்து கடிதம் வரை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? அம்மா சுகமா? நான் நலம்.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் வேலை கைவந்துவிட்டது. நேற்று மேனேஜர் தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்கும் ஒரு படிவத்தோடு வந்து, "வேலை புடிச்சிருக்கா?" என்றார். "ரொம்பப் புடிச்சிருக்கு சார்" என்றேன், பொய்யில்லை. "அப்ப வாழ்க்கையும் திருப்திதான்" என்று அடுத்த கட்டத்திலும் அவரே டிக் அடித்துவிட்டார். "சந்தோஷமா இருக்கிற ஆளுக்கு ஊருக்குப் போக லீவு எதுக்கு?" என்று சிரித்தபடி என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பேப்பரை எட்டப் பிடித்துப் படிக்கிறீர்களாம், தங்கை சொன்னாள். இந்தக் கடிதத்தைக் கண்ணிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளிப் பிடித்தால் தெரிகிறது என்று அவளை அளந்து எழுதச் சொல்லுங்கள். வரத்தான் முடியவில்லை, கண்ணாடியாவது தேய்த்து அனுப்புகிறேன்.

வேலை மணி அடித்துவிட்டது. பெரிதாக எழுதினால் அளவு தப்பிவிடும் என்று பொடியாகவே எழுதியிருக்கிறேன், கோபிக்காதீர்கள்.

உங்கள் மகன்