மூன்றாம் ஓலை

போன வாரம் ஆராதனையில், நம் பெஞ்சில் நீ இருந்த மூலையில் உன் மகள் வந்து உட்கார்ந்தாள். உன் கைப்பையைத்தான் இப்போது அவள் தூக்கிக்கொண்டு அலைகிறாள். திறந்ததும் கிராம்பு மணம். அந்த நேரம் பார்த்துத்தானா போதகர் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும்? மனைவியை இழந்த தேவராஜுக்கும், தக்கலைச் சபையில் கணவனை இழந்த ஒருத்திக்கும் திருமணம். இது இரண்டாம் ஓலை. தடை உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். முதல் ஓலையன்று நான் ஊரில் இல்லை. மூன்று ஞாயிறு வாசித்தால்தான் நம் சபையில் கல்யாணம். இன்னும் ஒரு ஞாயிறு மிச்சம் இருந்தது.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பும் இதே தேவராஜ்தான். பாட்டுக்குழுவில் நாலு வருஷம் எனக்குப் பின்வரிசையில் நின்று பாடியவர், என்னைத்தான் கட்டுவேன் என்று சொன்னவர், அவர் அம்மா பார்த்த பெண்ணுக்குத் தலையாட்டிவிட்டார். அந்தக் கல்யாணத்தின் மூன்றாம் ஓலையில் "தடை உண்டா" என்று கேட்டதும் நான் எழும்பப் போனேன். என் உயிர்ச் சிநேகிதி நீதான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாய்.

"ஏட்டி, மிண்டாம இரி. உங்க அப்பா நாளைக்கு ரோட்டுல நடக்காண்டாமா?"

வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அன்று உன்மேல் வந்த கோபம், எனக்குக் கல்யாணமாகி, மகன் பிறந்து, என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகும் ஆறவில்லை. கூடவே திரிந்தோம், சிரித்தோம். ஆனாலும் எந்தச் சண்டையிலும் கடைசியில் அதைச் சொல்லித்தான் உன் வாயை அடைப்பேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மூச்சு வாங்க வாங்க, "அன்னைக்கு உன்னை விட்டிருக்கணும் மக்கா" என்றாய். பாவி! அதைச் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

போன ஞாயிறு அந்த ஓலையைக் கேட்ட பிறகு நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயசில் இது என்ன கூத்து என்று மருமகள் சிரிப்பாள். தக்கலைக்காரி என்ன பாவம் செய்தாள்? இதுவும் கைவிட்டுப் போனால் பிறகு எனக்கு ஏது? வெள்ளிக்கிழமை காலையில் தேவராஜ் வீட்டுக் கேட்டைத் திறந்துவிட்டேன்.

மணவாளக்குறிச்சி வேலையில் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டவர், பாதி சவரம் செய்த முகத்தோடு வாசலுக்கு வந்தார். நலம்கூட விசாரிக்காமல் கேட்டேன்.

"அன்னைக்கு நான் எழும்பியிருந்தா என்ன செய்திருப்பீங்க?"

"நீ எழும்புவேன்னுதான் பார்த்துட்டு இருந்தேன்." அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல்ல. எனக்கு இதுல மனசே இல்ல, எல்லாம் மகன் நிர்ப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை நீ எழும்பி ஒரு வார்த்தை சொல்லு. நான் விட்டிருதேன்."

"அதுக்கு முன்ன நீங்களே தக்கலையில போயிச் சொல்லக்கூடாதா?"

"நான் எப்பிடிச் சொல்லுகது? வாக்கு குடுத்தாச்சுல்லா. நீ சொன்னா அது வேற."

அடக் கடவுளே! அன்றும் நான்தான் எழும்ப வேண்டும், இன்றும் நான்தான். "வாயை எதுக்கு வச்சிருக்கீங்க, பாட்டுப் படிக்க மட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன்.

நேற்று மூன்றாம் ஓலை. போதகர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். ஆண்கள் பக்கத்திலிருந்து தேவராஜ் திரும்பி என்னைப் பார்த்தார். ஆசை போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை. எழும்பியிருந்தால் கிடைத்திருப்பார். எழும்பவில்லை. போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உனக்காகத்தான் அழுதேன், அவருக்காக இல்லை. அவர் திறக்காத வாய்க்கு உன்னையல்லவா தண்டித்திருக்கிறேன், முப்பத்தோரு வருஷம்! நீயும் அது உன் குற்றம் என்றே நம்பிச் செத்துப்போனாயே. அதைத்தான் மக்கா, எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.