படைத்தலைவன் என் குரலில் பேசுகிறான்

பிரியமுள்ள பாப்பாவுக்கு, அம்மா ஆசையோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூவரும் சௌக்கியம், கடையும் சௌக்கியம், பெரிய சலவை மெஷின் மட்டும் வழக்கம்போல இருமிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். குளிர் கூடிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் மீசை வளர்க்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை, நீயாவது எடுத்துச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. கழுத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் குரல் எப்படி ஆனதென்று உனக்குத் தெரியும். தகரத்தில் ஆணியால் கீறுவது போல எனக்கே கேட்கும். நீ கூப்பிடும்போதெல்லாம் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடையிலும் ரசீதை நீட்டுவேன், சிரிப்பேன், அதோடு சரி. பாடிக்கொண்டே துணி மடிக்கிறவள் ஊமையாகிவிட்டாள் என்று அப்பா உன்னிடம் புலம்பியிருப்பார். நம் கட்டடத்தின் மேல்மாடியில் டப்பிங் ஸ்டுடியோ ஒன்று வந்திருக்கிறது, வேற்று மொழித் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிற இடம். அதை நடத்துகிறவர் நம் கடையில்தான் கோட்டு வெளுக்கக் கொடுப்பார், டப்பிங் மேடம் என்று கூப்பிடுவோம். அன்று அவர் கவுண்டரில் நின்றிருந்தபோது நம் வேன்காரர் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். வெளுத்துக் காயப்போட்டிருந்த ஓட்டல் திரைச்சீலை அத்தனையும் சக்கரத்தை ஒட்டித் தொங்குகின்றன. என்னையறியாமல், "நிறுத்துடா வண்டிய" என்று ஒரு அதட்டல் போட்டேன். வண்டி நின்றது, தெருவில் போன சைக்கிள்காரர் நின்றார், எதிரே சலூனில் கத்தரிக்கோல் நின்றது. எனக்கோ அவமானத்தில் அழுகை முட்டியது, வாயைப் பொத்திக்கொண்டேன். டப்பிங் மேடம் கிட்டே வந்து, இன்னொரு தரம் அதே மாதிரி சொல்லுங்கள் அக்கா என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்துக் கோட்டை அவர் கையில் திணித்து அனுப்பிவிட்டேன்.

அவர் விடவில்லை, மறுநாள் மடிக்கணினியோடு வந்துவிட்டார். உன் தம்பி விழுந்து விழுந்து பார்க்கிறானே, கவசம் போட்ட வீரர்கள் மறுபிறவி எடுக்கிற தொடர், அதற்குத் தமிழ்க் குரல் கொடுக்கிறவர்கள் இவர்கள்தானாம். எத்தனையோ காலத்துக்கு முன்னால் ஒரு கோட்டை வாசலைக் காத்துச் செத்த வீரர்கள் இந்தக் காலத்தில் வேறு வேறு ஆட்களாகப் பிறந்திருக்கிறார்கள். ஒருவன் பஸ் ஓட்டுகிறான், ஒருத்தி பல் டாக்டர். அவர்களுடைய படைத்தலைவன் மட்டும் கிடைக்கவில்லை. எங்கே பிறந்திருக்கிறான் என்று பார்த்தால், பள்ளிக்கூட வாசலில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளை ரோடு தாண்டிவிடுகிற வயதான அம்மாளாக. அவளுக்குப் பழைய பிறவி ஞாபகம் வந்ததும் படைத்தலைவனின் குரல் வெளியே வரவேண்டும். ஆண் குரல் போட்டால் அந்த முகத்தில் ஒட்டவில்லை, வழக்கமாக அவளுக்குப் பேசுகிற பெண்ணின் குரல் பஞ்சு மாதிரி இருக்கிறது, கம்ப்யூட்டரில் கரகரப்பு ஏற்றினால் பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறதாம். எனக்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு இஸ்திரி போடப் போய்விட்டேன். அப்பா பின்னாலேயே வந்தார். "உன் குரல் பிடிக்கலைன்னு நீ மட்டும்தான் சொல்றே. இந்த வீட்ல வேற யாராவது சொன்னோமா?" என்றார். என் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் மாடி ஏறினேன்.

சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய சின்ன அறை. காதில் ஒரு கருவியை மாட்டி, எதிரே திரையில் படத்தை ஓடவிட்டார்கள். முதலில் நான் செய்த கூத்தைக் கேள். பழைய குரல் எப்படியாவது வந்துவிடாதா என்று குழைந்து குழைந்து பேசினேன், அந்த அம்மாள் வாயை மூடிய பிறகும் நான் பேசிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் மேஜைக்கடியில் குனிந்துவிட்டார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை, திரைச்சீலையை நினைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றார். திரும்பவும் படம் ஓடியது. நடுரோட்டில், கார்களெல்லாம் ஹாரன் அடிக்க, அந்த வீரர்கள் தங்கள் தலைவனைக் கண்டுகொண்டு மண்டியிடுகிறார்கள். பஸ்காரன் தேம்பி அழுகிறான். அவள் அவர்களைப் பார்க்கிறாள், அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டையைப் பற்றிய நினைப்பே போய்விட்டது பாப்பா, கையைத் தூக்கிக்கொண்டு சொன்னேன், "எழுந்திருங்கள், வீரர்களே. போர் முடிந்துவிட்டது. பிள்ளைகள் தாண்ட வேண்டும்." தப்பாகிவிட்டதோ என்று மேடத்தைப் பார்த்தால், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருக்கிறார். அப்புறம், போதும் அக்கா, இதுதான் என்றார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது டிவியில் வந்தது. கடையிலேயே எல்லோரும் கூடிவிட்டார்கள், சலூன்காரர் பாதி வெட்டிய தலையோடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் நின்றேன். என் குரல் வந்ததும் அப்பா இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் வைத்தபடியே நின்றுவிட்டார், முதுகுப் பக்கம் முக்கோணமாகக் கருகிப்போனது, சட்டைக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று அவரும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டை வாங்கித் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், என்னை ஒரு தரம் அதட்டுங்கள் போதும் என்கிறார். அதட்டினேன். சந்தோஷமாகப் போனார். இப்போது துணி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இதையே கேட்கிறார்கள், வேன்காரர் மட்டும் தெருமுனையிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறார். அடுத்த பாகத்துக்கும் மேடம் கேட்டிருக்கிறார், படைத்தலைவனைச் சாகடித்தால் உங்கள் கோட்டை வெளுக்கமாட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இனி ஞாயிறுதோறும் நானே உன்னைக் கூப்பிடுவேன், பேசி முடிக்க நேரமாகும், முன்கூட்டியே சாப்பிட்டுவிடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டு நீண்ட காலம் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்தப் பகுதியை வேலை முடிந்து தூங்கி வழிகிற நேரத்தில் போனில் பார்க்காதே. லீவு நாளில், பெரிய டிவியில், சத்தத்தை நன்றாகக் கூட்டிவைத்துப் பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினால் அவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவை, பேசுவது என் அம்மா என்று சொல்.

இப்படிக்கு,
ஊரையெல்லாம் அதட்டினாலும் உன்னைக் கொஞ்ச மட்டுமே தெரிந்த
உன் அம்மா